சாம்பிள் பிரமாதம், அப்படியே 500 பீஸ் போடச் சொல்லிவிடலாமா?

புதுநூல்

சொந்தமாக ஒரு சின்ன பிராண்ட் தொடங்கும் வேலையில் இருக்கிறேன். ரவுண்ட் நெக் டி-ஷர்ட், 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) காட்டன், கறுப்பு, மெரூன் என்று இரண்டு நிறம், எஸ் முதல் எக்ஸ்எக்ஸ்எல் வரை, மொத்தம் 500 பீஸ். முன்பக்கம் நெஞ்சில் ஒரு ஸ்கிரீன் பிரிண்ட். தைத்துக் கொடுக்கும் யூனிட்டில் இருந்து முதல் சாம்பிள் வந்துவிட்டது, எம் சைஸ், கறுப்பு. போட்டுப் பார்த்தேன், தையல் சுத்தம், ஃபிட்டும் நான் கேட்ட மாதிரியே இருக்கிறது. ஓகே சொன்னால் உடனே துணி போட்டுவிடுவோம் என்கிறார்கள். கூடவே சைஸ் செட் (ஒவ்வொரு சைஸிலும் ஒரு பீஸ்), பிபி சாம்பிள் என்று இன்னும் இரண்டு வகை சாம்பிளுக்குத் தனியாகக் காசு கேட்கிறார்கள். இதைவிட நல்ல சாம்பிள் என்ன வந்துவிடப் போகிறது, எதற்கு அந்தச் செலவு என்று எனக்குப் புரியவில்லை. இந்த வேலையில் இருப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

கத்தரிக்கோல்

ஓகே சொல்வதற்கு முன் யூனிட்டில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், இந்த சாம்பிள் எந்தத் துணியில் தைத்தது என்று. பெரும்பாலும் கையில் இருந்த துணி என்றுதான் பதில் வரும். ஒரு பீஸ் தைப்பதற்காக யாரும் நூல் வாங்கி, நிட்டிங் போட்டு, சாயம் ஏற்ற மாட்டார்கள். ஏறக்குறைய அதே போல இருக்கும் ஏதோ ஒரு பழைய ஆர்டரின் மீதித் துணியில் தைத்திருப்பார்கள். அதில் தப்பில்லை, ப்ரோட்டோ சாம்பிள் என்பது அதற்குத்தான், டிசைன் உடம்பில் எப்படி உட்காருகிறது என்று பார்க்க. ஆனால் நீங்கள் தொட்டுப் பார்த்துப் பிடித்துப்போன அந்தத் துணி ப்ரொடக்‌ஷனில் வரப்போவதில்லை.

இன்னொன்று, சாம்பிள் ரூமில் உட்கார்ந்திருப்பவர் பொதுவாக அந்த யூனிட்டிலேயே கைதேர்ந்த டெய்லர். முழு பீஸையும் அவர் ஒருவரே, அவசரமில்லாமல், தோள் கூட்டுவதில் இருந்து கீழ்மடிப்பு வரை தைத்து, பிசிறு வெட்டி, அயர்ன் பண்ணிக் கொடுப்பார். கட்டிங்கும் ஒற்றைத் துணியில் கத்தரிக்கோலால். ப்ரொடக்‌ஷனில் பல அடுக்குத் துணியை விரித்து மெஷின் கத்தியால் வெட்டுவார்கள், அதே டி-ஷர்ட்டை எட்டுப் பத்து பேர் பங்கு போட்டுத் தைப்பார்கள், தோள் கூட்டுபவருக்கு நாள் முழுக்கத் தோள்தான். அந்த லைனில் இருந்து என்ன வெளியே வரும் என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் சாம்பிள் எந்த உத்தரவாதமும் தராது.

பிபி சாம்பிள் (பிபி என்றால் ப்ரீ ப்ரொடக்‌ஷன்) என்பது ஆர்டருக்கு வந்த அதே துணி, அதே நூல், அதே லேபிள், அதே பிரிண்ட் எல்லாம் போட்டு, கட்டிங்குக்கு முன்னால் தைத்துக் காட்டுவது. எதை விட்டாலும் இதை விடாதீர்கள். இதற்கு ஓகே சொல்லும் வரை மொத்தத் துணியில் கத்தி வைக்கக் கூடாது என்று எழுத்தில் இருக்க வேண்டும். துணி வெட்டிய பிறகு எந்தப் பேச்சும் பேரம்தான்.

இரவுப்பறவை

நானும் சின்ன அளவில் செய்கிறேன். இவ்வளவு சடங்கும் பத்தாயிரம் இருபதாயிரம் பீஸ் எடுக்கும் பெரிய பையர்களுக்கு. 500 பீஸுக்கு ப்ரோட்டோ, ஃபிட், சைஸ் செட், பிபி, அப்புறம் லைனில் இருந்து எடுக்கும் டாப் சாம்பிள் என்று ஒவ்வொன்றாகக் காத்திருந்தால் சீசனே போய்விடும். நம்பகமான யூனிட்டாகப் பார்த்துப் பிடித்துவிட்டு வேலையை அவர்களிடம் விடுவதுதான் எனக்குச் சரியாக வந்திருக்கிறது.

கத்தரிக்கோல்

எல்லா சாம்பிளும் வேண்டும் என்று நான் சொல்லவில்லையே. சாதாரண ரவுண்ட் நெக்குக்கு ப்ரோட்டோவும் ஃபிட்டும் ஒன்றே போதும். சைஸ் செட்டில் கூட நடுவில் இருப்பவற்றை விட்டுவிட்டு எஸ், எக்ஸ்எக்ஸ்எல் இரண்டு மட்டும் கேட்கலாம். பிபி மட்டும் கட்டாயம். துணி வந்து இறங்கியதும் செய்தால் ஓரிரு நாள் வேலை, அதற்குள் சீசன் எங்கும் போகாது.

பேட்டர்ன்காரி

எம் நன்றாக இருந்தால் எக்ஸ்எக்ஸ்எல் நன்றாக இருக்கும் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. பேட்டர்ன் ஒரு சைஸில்தான் பிறக்கிறது. மற்ற சைஸ்கள் அதை விதிப்படி கூட்டிக் குறைத்து வருபவை, கிரேடிங் என்பது அதுதான். மார்பில் ஒரு சைஸுக்கு 5 செமீ, அதாவது தட்டையாக வைத்து அளந்தால் 2.5 செமீ கூடுகிறது என்று வையுங்கள். கழுத்து அகலமும் அதே விகிதத்தில் கூடினால் எக்ஸ்எக்ஸ்எல் கழுத்து தோளை விட்டு நழுவும், ஏனென்றால் மனிதனுக்கு உடம்பு பெருத்த அளவுக்குக் கழுத்து பெருப்பதில்லை. கை நீளமும் அப்படித்தான். நல்ல பேட்டர்ன் மாஸ்டர் இதற்கெல்லாம் தனித்தனி விதி வைத்திருப்பார், கம்ப்யூட்டரில் கண்ணை மூடிக்கொண்டு பெரிதாக்குபவர்களும் இருக்கிறார்கள். எக்ஸ்எக்ஸ்எல் ஒன்றை அந்த சைஸ் உள்ள ஒரு மனிதர் மீது போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அப்புறம் சுருக்கம். காட்டன் பனியன் துணி துவைத்தால் சுருங்கும், எவ்வளவு என்பது துணிக்குத் துணி மாறும், காம்பேக்டிங் (துணியை முன்கூட்டியே நெருக்கிச் சுருக்குவது) பண்ணின துணியா இல்லையா என்பதைப் பொறுத்தது. அதனால்தான் பேட்டர்னை இறுதி செய்ய ஆர்டர் துணியே வேண்டும். ஒரு மீட்டர் துணி அனுப்பச் சொல்லுங்கள். அதில் 50 செமீக்கு 50 செமீ சதுரம் ஒன்றை அழியாத பேனாவால் போட்டு, வாங்குபவர் எப்படித் துவைப்பாரோ அப்படியே துவைத்துக் காயவைத்து, நீளவாக்கில் தனியாக, அகலவாக்கில் தனியாக அளந்து பாருங்கள். நீளம் 47.5 என்று வந்தால் 5 சதவீதம். துவைத்த பிறகு 72 செமீ நீளம் வேண்டுமென்றால் 72ஐ 0.95ஆல் வகுக்க வேண்டும், 75.8 வரும். 72க்கு 5 சதவீதம் கூட்டி 75.6 போடுகிறவர்கள் உண்டு, 5 சதவீதத்தில் அது பெரிய வித்தியாசமில்லை, 8 சதவீதம் சுருங்கும் துணியில் அரை செமீ தள்ளிப்போகும்.

சதுரம் சாய்கிறதா என்றும் பாருங்கள். ஒற்றை ஜெர்சியில் (டி-ஷர்ட்டுக்குப் போடும் சாதாரணப் பனியன் துணி) நூலின் முறுக்கு காரணமாகத் துணி ஒரு பக்கம் திருகும், மூன்று நான்கு துவைப்புக்குப் பிறகு பக்கத் தையல் வயிற்றுக்கு முன்னால் வந்து நிற்கும் டி-ஷர்ட்டுகளை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பேட்டர்னில் எந்த வித்தை செய்தாலும் அது போகாது, துணியிலேயே சரி செய்து வரவேண்டிய விஷயம்.

புதுநூல்

இவ்வளவு இருக்கிறதா! சரி, நான் கொடுத்தது ஒரு வரைபடமும் ஒரு பழைய டி-ஷர்ட்டும் மட்டும்தான், இந்த அளவிலேயே வேண்டும் என்று. மெஷர்மெண்ட் சார்ட் அவர்களே போட்டு அனுப்பினார்கள், ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் ±1.5 என்று இருக்கிறது. அது சரியான அளவுதானா?

கடைசிடேபிள்

செக்கிங்கில் இருக்கிறேன். ±1.5 செமீ மார்புக்கு ரொம்பத் தாராளம். கணக்குப் போட்டுப் பாருங்கள், எம் மார்பு தட்டையாக 52, எல் 54.5 என்று இருந்தால், எம்மில் 53.5 வரை பாஸ், எல்லில் 53 வரை பாஸ். அதாவது பெரிய எம் ஒன்று சின்ன எல் ஒன்றைவிடப் பெரிதாக இருக்கும், இரண்டும் 'அளவு சரி' என்ற முத்திரையோடு பெட்டிக்குள் போகும். மார்புக்கு ±1 கேளுங்கள், நீளத்துக்கும் ±1 போதும், கழுத்துக்கு ±0.5. பனியன் துணி இழுபடும் சரக்கு என்பதால் அதற்கும் கீழே யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள், போட்டாலும் நம்பாதீர்கள்.

அதைவிட முக்கியம் எங்கே, எப்படி அளக்கிறோம் என்பது. மார்பு என்றால் அக்குள் தையலில் இருந்து 2.5 செமீ கீழே. நீளம் என்றால் கழுத்தும் தோளும் சேரும் உச்சிப் புள்ளியில் இருந்து நேராகக் கீழ்மடிப்பு வரை, நடுமுதுகில் இருந்து அல்ல. பீஸைத் தட்டையான மேஜையில் விரித்து, இழுக்காமல், கையால் ஒருமுறை தடவிவிட்டு அளக்க வேண்டும். அயர்ன் மேஜையில் இருந்து சூடாக எடுத்த பீஸை அளந்தால் ஒரு அளவு, ராத்திரி முழுக்கக் கிடந்த பீஸை அளந்தால் வேறு அளவு. இதைச் சார்ட்டில் படமாகப் போட்டு அம்புக்குறி வைத்துவிட்டால் பாதிச் சண்டை வராது. டெக் பேக் என்று பெரிய வார்த்தையாகச் சொல்கிறார்களே, உங்கள் அளவுக்கு அது நான்கு பக்கம்தான்: முன் பின் படம், அளவுச் சார்ட், எந்த இடத்தில் என்ன தையல், என்ன லேபிள் எங்கே, பிரிண்ட் எத்தனை செமீ அகலம், கழுத்து ரிப்பில் (கழுத்தைச் சுற்றி வரும் இழுபடும் பட்டை) இருந்து எத்தனை செமீ கீழே, மடித்து எப்படிப் பையில் போடவேண்டும். பழைய டி-ஷர்ட்டைக் கொடுத்து இதேபோல என்று சொன்னால் அது துவைத்துத் துவைத்துத் தளர்ந்த அளவு என்பது அவர்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் நினைவிருக்காது.

சாயத்தொட்டி

நிறத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே.

மெரூனுக்கு லேப் டிப் வாங்கினீர்களா? சின்னத் துண்டுத் துணியில் சாயம் ஏற்றி ஏ, பி, சி என்று மூன்று நான்கு சாயல் அனுப்புவார்கள், அதில் ஒன்றைத் தேர்வு செய்து கையெழுத்துப் போட்டு ஒரு துண்டைத் திருப்பி அனுப்ப வேண்டும், ஒரு துண்டு உங்களிடம். போனில் வந்த படத்தைப் பார்த்து ஓகே சொல்லாதீர்கள், ஒவ்வொரு திரையும் ஒரு மெரூன் காட்டும். பான்டோன் (நிறங்களுக்கு எண் கொடுக்கும் அட்டை) நம்பர் கொடுப்பதாக இருந்தால் காட்டன் துணியில் வரும் டிசிஎக்ஸ் நம்பராகக் கொடுங்கள், காகித அச்சுக்கான நம்பரைக் கொடுத்துவிட்டு துணியில் அது வரவில்லை என்று கோபப்படுகிறவர்கள் ஏராளம்.

சாயலைப் பகல் வெளிச்சத்திலும் பாருங்கள், கடை டியூப்லைட்டிலும் பாருங்கள். ஒரு வெளிச்சத்தில் அச்சாகப் பொருந்தும் இரண்டு துணி இன்னொரு வெளிச்சத்தில் இரண்டு நிறமாகத் தெரியும், வேறு வேறு சாயக் கலவையில் ஒரே நிறத்தை எட்டினால் இப்படி ஆகும். சாயப்பட்டறையில் லைட் பாக்ஸ் வைத்து டி65 (பகல் வெளிச்சம்), டிஎல்84 (கடை டியூப்லைட்) என்று மாற்றி மாற்றிப் பார்ப்பது இதற்காகத்தான். கழுத்து ரிப் வேறு துணி, அதனால் அதையும் பாடித் துணியோடு ஒரே தொட்டியில் போட முடியுமா என்று கேளுங்கள், தனித்தனியாக ஏற்றினால் கழுத்து ஒரு மெரூன், உடம்பு ஒரு மெரூன்.

கறுப்பும் மெரூனும் அடர் நிறங்கள். தேய்ப்புச் சோதனையில் 1 முதல் 5 வரை மதிப்பெண், 5 சிறந்தது. காய்ந்த தேய்ப்பில் நன்றாக வரும் துணி ஈரத் தேய்ப்பில் இறங்கும், அடர் நிறத்தில் இது எப்போதும் உள்ளது. வீட்டிலேயே வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து பத்து முறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், லேசான சாயல் ஒட்டினால் பயப்பட வேண்டாம், கைக்குட்டை நிறம் மாறினால் சாயத்துக்குப் பின் சோப்பிங் (சோப்புத் தண்ணீரில் அலசுவது) ஒழுங்காகச் செய்யவில்லை, ஒட்டாத சாயம் துணியிலேயே நிற்கிறது என்று அர்த்தம்.

இரவுப்பறவை

இதற்கெல்லாம் ஒரே வழி ஸ்டாக் துணி. சாயம் ஏற்றித் தயாராக இருக்கும் துணியைப் பார்த்து எடுத்துவிட்டால் லேப் டிப்பும் இல்லை, குறைந்தபட்ச ஆர்டர் தொல்லையும் இல்லை. 500 பீஸுக்கு இரண்டு நிறம் தனியாக ஏற்றச் சொன்னால் எந்தப் பட்டறை எடுக்கும்?

சாயத்தொட்டி

ஒத்துக்கொள்கிறேன், சின்ன ஆர்டருக்கு ஸ்டாக் துணி நல்ல வழிதான். குறைந்தபட்ச அளவு என்று யூனிட் சொல்வது பாதி நேரம் யூனிட்டின் பிடிவாதம் அல்ல, சாய மெஷினின் கொள்ளளவு. மெஷினுக்கு ஒரு அளவுக்குக் கீழே துணி போட்டால் தண்ணீரும் சாயமும் சூடும் அதே செலவு, சாயல் பிடிப்பதும் கஷ்டம். அதனால்தான் அந்த அளவு மொத்த ஆர்டருக்கு அல்ல, நிறத்துக்கு என்று வரும். ஐந்து நிறத்தில் நூறு நூறு பீஸ் கேட்டு மாட்டிக்கொள்வதைவிட இரண்டு நிறத்தோடு நின்றது நல்லது.

ஸ்டாக்கில் ஒரு சிக்கல் உண்டு, மறு ஆர்டர் போடும்போது அதே மெரூன் கிடைக்காது. அப்புறம் எல்லா ரோலும் ஒரே லாட்டா (ஒரே தடவையில் சாயம் ஏற்றியதா) என்று பாருங்கள், ஒவ்வொரு ரோலில் இருந்தும் ஒரு துண்டு வெட்டி வரிசையாகப் பக்கத்தில் வைத்தால் தெரியும்.

கத்தரிக்கோல்

லாட் பேச்சு வந்ததால் கட்டிங்கையும் சொல்லிவிடுகிறேன். முதலில் எவ்வளவு துணி வேண்டும் என்று நீங்களே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், யூனிட் சொல்வதோடு ஒப்பிடலாம். பாடி நீளத்தையும் கை நீளத்தையும் கூட்டி, மடிப்புக்கும் தையலுக்கும் 10 செமீ சேர்க்க வேண்டும். அதைத் தட்டை மார்பளவோடு 4 செமீ சேர்த்து வருவதால் பெருக்கி, முன் பின்னுக்காக 2ஆல் பெருக்கி, ஜிஎஸ்எம்மால் பெருக்கி, 10,000ஆல் வகுத்தால் கிராம் வரும். எம் சைஸுக்கு 72+22+10 = 104, 52+4 = 56. 104×56×2×180 ÷ 10,000 = ஏறக்குறைய 210 கிராம். வேஸ்டேஜ் 10 சதவீதம் போட்டால் 230 கிராம், 500 பீஸுக்கு சுமார் 115 கிலோ சாயத் துணி. உங்களுக்குப் பெரிய சைஸ் அதிகம் என்றால் கூடும், ரிப் தனி. யூனிட் 150 கிலோ சொன்னால் மார்க்கரை (துணியில் பார்ட்களை அடுக்கிய வரைபடம்) காட்டுங்கள் என்று கேட்கலாம், தப்பே இல்லை.

ஜிஎஸ்எம்மையும் சரிபாருங்கள். 100 சதுர செமீ வட்டமாக வெட்டும் கட்டர் எல்லா யூனிட்டிலும் இருக்கும், வட்டத்தை எடை போட்டு 100ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம். 1.8 கிராம் வரவேண்டிய இடத்தில் 1.65 வந்தால் துணி 165, அதற்கு 180க்கான காசு கொடுக்காதீர்கள். ரோலில் இரண்டு மூன்று இடத்தில் வெட்டிப் பார்க்கவேண்டும், விளிம்பில் அல்ல.

துணி ரோலாக வரும்போது இழுபட்ட நிலையில் சுற்றியிருக்கும். அதைப் பிரித்து ஒரு நாளாவது சும்மா கிடக்கவிட வேண்டும். வந்த வேகத்தில் லே போட்டு (அடுக்கடுக்காக விரித்து) வெட்டினால் வெட்டிய பிறகு பார்ட்கள் தானாகச் சுருங்கும், மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் வேறு வேறு அளவாகிவிடும். பேட்டர்ன் சரி, தையல் சரி, அளவு மட்டும் எப்படியோ குறைந்துவிட்டது என்ற மர்மத்தில் பாதிக்கு விடை இங்கேதான் இருக்கிறது. வெட்டியதும் ஒவ்வொரு பார்ட்டிலும் அடுக்கு நம்பர் ஒட்டி பண்டல் கட்ட வேண்டும், 37ஆம் அடுக்கின் முன்பக்கம் 37ஆம் அடுக்கின் கையோடுதான் சேரவேண்டும். நம்பர் ஒட்டாமல் விட்டால் ஒரு கை அடர் மெரூன், ஒரு கை வெளிர் மெரூன் என்று பீஸ் வரும்.

சரியாக 500 வெட்டச் சொல்லாதீர்கள். பிரிண்டிலும் தையலிலும் கொஞ்சம் போகும், அதனால் சில சதவீதம் கூட்டித்தான் வெட்டுவார்கள். கடைசியில் 490 வந்தாலும் 515 வந்தாலும் என்ன செய்வது, கூடுதலை எடுத்துக்கொள்வீர்களா மாட்டீர்களா, முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஸ்க்வீஜி

பிரிண்ட் தைத்த பிறகு அல்ல, வெட்டிய முன்பக்கப் பார்ட்டில்தான் போடுவோம், பிரிண்ட் கெட்டால் ஒரு பார்ட்தான் நஷ்டம் என்பதால். ஆகவே பிரிண்டுக்கும் ஒரு சாம்பிள் வேண்டும், ஸ்ட்ரைக் ஆஃப் என்போம், உங்கள் ஆர்டர் துணியின் துண்டிலேயே. கறுப்பில் வெளிர் நிறம் போட அடியில் வெள்ளை ஒரு கோட் போட்டு லேசாகக் காயவைத்து மேலே நிறம் போடவேண்டும், கணினியில் பார்த்த ஆரஞ்சு கறுப்பு மேல் அப்படியே வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இரண்டு துணி நிறத்திலும் ஸ்ட்ரைக் ஆஃப் கேளுங்கள்.

பிளாஸ்டிசால் மை (சூட்டில் வெந்து இறுகும் பிளாஸ்டிக் மை) என்றால் மையின் முழுக் கனமும் சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டவேண்டும். மேல்பரப்பு மட்டும் காய்ந்து அடியில் வேகாமல் இருந்தால் கையில் தொட நன்றாகத்தான் இருக்கும், முதல் சில துவைப்பில் விரிசல் விட்டு உதிரும். பிரிண்டை இரண்டு பக்கமும் பிடித்து நன்றாக இழுத்துவிடுங்கள், வெடிப்பு தெரிந்தால் வேகவில்லை. கூடவே ஒரு ஐந்து முறை துவைத்துப் பாருங்கள்.

இன்னொரு கேள்வி உங்களுக்கு: எஸ்ஸுக்கும் எக்ஸ்எக்ஸ்எல்லுக்கும் ஒரே அளவு பிரிண்டா? 30 செமீ அகலப் படம் எம்மில் அழகாக இருக்கும், எஸ்ஸில் அக்குளை நெருங்கிவிடும், எக்ஸ்எக்ஸ்எல்லில் நடுவில் ஒரு சீட்டு ஒட்டிய மாதிரி. இரண்டு அளவில் ஸ்கிரீன் போட்டால் செலவு கூடும். கூடாது என்றால் எஸ்ஸுக்குப் பொருந்தும் அளவையே எல்லாவற்றுக்கும் வையுங்கள்.

புதுநூல்

ஒரே அளவுதான் யோசித்திருந்தேன், 28 செமீ. எஸ்ஸில் காகிதம் வெட்டி வைத்துப் பார்க்கிறேன். அடுத்த கட்டமாக மெரூன் பாலியெஸ்டரில் ஒரு ஜெர்சியும் போடலாம் என்று இருக்கிறேன், அதற்கும் இதே பிரிண்ட், வெள்ளையில்.

ஸ்க்வீஜி

மெரூன் பாலியெஸ்டரில் வெள்ளையா, கவனம்! பாலியெஸ்டரை டிஸ்பர்ஸ் சாயத்தில் ஏற்றுவார்கள், அந்தச் சாயம் நல்ல சூட்டில் ஆவியாகி மைக்குள் ஏறிவிடும். மெஷினை விட்டு வெளியே வரும்போது பளிச்சென்ற வெள்ளை, பெட்டியில் அடுக்கி வைத்துச் சில நாள் கழித்துத் திறந்தால் ரோஸ். துணிக்காரரும் பிரிண்ட்காரரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். குறைந்த சூட்டில் வேகும் மை, அடியில் சாயத்தைத் தடுக்கும் பிளாக்கர் கோட், இரண்டும் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்ட்ரைக் ஆஃபைக் கையில் வாங்கிய அன்றே ஓகே சொல்லாமல் ஒரு வாரம் மூட்டைக்குள் போட்டுவிட்டுப் பாருங்கள். சப்ளிமேஷன் பிரிண்ட் (சூட்டில் சாயத்தையே துணிக்குள் ஏற்றுவது) என்று யாராவது சொன்னால் அது வெள்ளை அல்லது வெளிர் நிறப் பாலியெஸ்டருக்குத்தான், மெரூன் மேல் வெள்ளை அதில் வரவே வராது.

நாலு_நூல்

ஓவர்லாக் (ஓரம் சுற்றித் தைத்து மூட்டும் மெஷின்) ஓட்டுகிறேன், லைன் பக்கத்தில் இருந்து சொல்கிறேன். தோள் கூட்டு, கழுத்து ரிப் வைப்பது, கழுத்துக்குள் டேப், கை ஏற்றுவது, பக்கம் மூட்டுவது, அப்புறம் பிளாட்லாக்கில் (மடிப்பைத் தட்டையாகத் தைக்கும் மெஷின்) கை மடிப்பு, கீழ் மடிப்பு. இதில் வம்பு பண்ணுவது கழுத்துதான். ரிப்பைச் சீராக இழுத்து வைக்கத் தெரியாவிட்டால் ஒரு பக்கம் சுருக்கம், ஒரு பக்கம் தொளதொள, கழுத்து அலை அலையாக நிற்கும். புதுக் கையைக் கழுத்தில் உட்காரவைக்கும் சூப்பர்வைசரைக் கண்டால் நாங்களே முறைப்போம்.

ஊசியைப் பற்றியும் கேளுங்கள். பனியன் துணிக்கு முனை மழுங்கிய பால் பாயிண்ட் ஊசிதான், அது நூலை விலக்கிக்கொண்டு இறங்கும். கூரான ஊசியோ, முனை நைந்த ஊசியோ நூலை அறுக்கும், தைக்கும்போது ஒன்றும் தெரியாது, துவைத்த பிறகு தையல் ஓரத்தில் வரிசையாகப் பொட்டு ஓட்டை. லைனில் முதலில் வரும் சில பீஸில் ஒன்றைத் துவைக்கப் போட்டால் அன்றே தெரிந்துவிடும், 500 முடித்த பிறகு தெரிந்தால் யார் என்ன செய்ய முடியும்.

அப்புறம் லேபிள். பக்கத் தையலுக்குள் போகும் வாஷ் கேர் லேபிள் பக்கம் மூட்டுவதற்கு முன்னால் எங்கள் கையில் இருக்கவேண்டும். துணி வந்து, பிரிண்ட் முடிந்து, லேபிள் வராமல் பண்டல் பண்டலாகத் தேங்கிக் கிடப்பது அடிக்கடி நடக்கும்.

பேட்டர்ன்காரி

அந்த லேபிளில் இருக்கும் தொட்டி, முக்கோணம், இஸ்திரிப் பெட்டி படங்கள் இஷ்டத்துக்குப் போடுவது அல்ல, ஐஎஸ்ஓ 3758 தரத்தில் ஒவ்வொன்றுக்கும் பொருள் இருக்கிறது. பிரிண்ட் மேல் அயர்ன் வைக்கக் கூடாது என்பதை எழுத்தாகவும் போட்டுவிடுங்கள். சுருக்கச் சோதனையை எந்தச் சூட்டில் செய்தீர்களோ அதைத்தான் லேபிளில் எழுதவேண்டும்.

புதுநூல்

கடைசி செக்கிங் எப்படி? ஏக்யூஎல் (ஏற்கத்தக்க தர அளவு) 2.5 பார்த்துக் கொடுப்போம் என்று எழுதியிருக்கிறார்கள். 2.5 சதவீதம் கெட்டுப்போனால் நான் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றா பொருள்?

கடைசிடேபிள்

அப்படி நேராகப் பொருள் கொள்ள வேண்டாம். அது ஒரு மாதிரி எடுத்துப் பார்க்கும் அட்டவணை, அமெரிக்க ராணுவம் சரக்கு வாங்குவதற்காக வைத்திருந்த மில் எஸ்டிடி 105 என்ற முறையில் இருந்து வந்தது, இப்போது ஐஎஸ்ஓ 2859-1. வழக்கமான இரண்டாம் நிலைச் சோதனையில் 281 முதல் 500 வரை உள்ள லாட்டில் 50 பீஸ் எடுக்கவேண்டும், எங்கிருந்து வேண்டுமானாலும், எல்லாப் பெட்டியில் இருந்தும் கலந்து. 2.5இல் 3 பீஸ் வரை பெரிய குறை இருந்தால் பாஸ், 4 வந்தால் மொத்த லாட்டும் ரிஜெக்ட். சின்னக் குறைக்கு வழக்கமாக 4.0 வைப்பார்கள், அதில் 5 வரை பாஸ். ஊசித் துண்டு உள்ளே இருந்தது போன்ற ஆபத்தான குறைக்கு ஒன்றுகூடக் கூடாது.

எது பெரிய குறை, எது சின்னக் குறை என்று நீங்கள் சொல்லாவிட்டால் நான்தான் முடிவு செய்வேன், எனக்கு சாயங்காலம் லாரி நிற்கும். ஓட்டை, கறை, நிறம் மாறிய பார்ட், தையல் விட்டது, அளவு மீறியது பெரியது. வெட்டாத பிசிறு சின்னது. பிரிண்ட் சாய்வை எதில் சேர்ப்பது என்று எழுதிக் கொடுங்கள், எத்தனை மிமீ சாய்ந்தால் என்றும்.

இரவுப்பறவை

500 பீஸ்தானே, எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டால் என்ன? நான் அப்படித்தான் செய்கிறேன், இரண்டு பேர் உட்கார்ந்தால் முடியும். அட்டவணை எல்லாம் எதற்கு.

கடைசிடேபிள்

இந்த அளவுக்கு அதுதான் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் அது உங்கள் இடத்தில் சரக்கு இறங்கிய பிறகு, காசு கைமாறிய பிறகு. யூனிட்டிலேயே பெட்டி ஒட்டுவதற்கு முன் பார்ப்பதுதான் பேச இடம் தரும். அதற்கும் முன்னால், கழுத்து வைத்து முடிந்த கட்டத்தில் லைனுக்கே போய் இருபது பீஸ் எடுத்துப் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது, அப்போது பிரித்துத் தைக்க முடியும்.

புதுநூல்

யூனிட்டில் கேட்டுவிட்டேன். சாம்பிள் தைத்தது 160 ஜிஎஸ்எம் மீதித் துணிதானாம். மெரூன் ஸ்டாக்கில் இருக்கிறது, கறுப்பு ஏற்றவேண்டும் என்கிறார்கள். பிபிக்குச் சரி சொல்லிவிட்டேன், எஸ்ஸும் எக்ஸ்எக்ஸ்எல்லும் அதே துணியில் கேட்டிருக்கிறேன். பிபி வந்து, அளவு எல்லாம் சரி, கழுத்து மட்டும் அரை செமீ அகலம் என்று இருந்தால் மறுபடி ஒரு பிபி கேட்பதா?

கத்தரிக்கோல்

அரை செமீக்கு மறுபடி வேண்டாம். 'கழுத்து அகலம் 18.5க்குப் பதில் 18 ஆக வேண்டும், மற்றபடி ஓகே, இந்தத் திருத்தத்தோடு வெட்டலாம்' என்று மெயிலில் எழுதினால் போதும், வாயால் சொல்லாதீர்கள். துணி, நிறம், பிரிண்ட் இந்த மூன்றில் ஏதாவது மாறவேண்டும் என்றால் மட்டும் திரும்பத் தைக்கச் சொல்லுங்கள். இரண்டு பிபி பீஸ் தைக்கச் சொல்லி இரண்டிலும் கையெழுத்துப் போட்ட அட்டையைக் கட்டி, ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டு ஒன்றை லைனில் தொங்கவிடச் சொல்லுங்கள்.

நாலு_நூல்

தொங்கவிடச் சொன்னால் மட்டும் போதாது. ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், லைனில் நாங்கள் கண்ணாலேயே பார்க்க மாட்டோம். கழுத்து வைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் என்று சொல்லுங்கள்.

புதுநூல்

எழுதிவிட்டேன், மெஷின் பெயரோடு. மெரூன் துணி ஒரு மீட்டர் கொரியரில் போட்டிருக்கிறார்கள், சதுரம் போட்டுத் துவைத்துவிட்டு நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று இங்கேயே போடுகிறேன், பேட்டர்ன்காரி கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

பேட்டர்ன்காரி

போடுங்கள். ஒருமுறை துவைத்ததோடு நிறுத்தாமல் மூன்று முறை துவைத்து ஒவ்வொரு முறையும் எழுதிவையுங்கள், முதல் துவைப்பில் வருவதுதான் அதிகம், ஆனால் அதோடு முடிவதில்லை.